ஒரு மாலை போதாது



ஸ்காபரோவில் கிங்ஸ்டன் வீதியும் மார்க்கம் வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 3600ஆம் இலக்கக் கட்டடத்தில், ரொறன்ரோ மாநகரசபையின் சமூகப் பொழுதுபோக்கு நிலையம் ஒன்று உண்டு. அதற்குள்ளேயே ஸ்காபரோ வில்லேஜ் தியேட்டர் என்ற சிறிய நாடக அரங்கும் இருக்கிறது. மேடை முன்னோக்கி நீண்டிருக்கும்; மூன்று பக்கமும் பார்வையாளர் இருப்பார்கள். அந்த ஒரே அரங்கை மூன்று குழுக்கள் பல பத்தாண்டுகளாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்காபரோ பிளேயர்ஸ், ஸ்காபரோ தியேட்டர் கில்ட் என்ற இரண்டும் வசன நாடகங்களை ஆடுகின்றன. ஸ்காபரோ மியூசிக் தியேட்டர் இசை நாடகங்களை ஆடுகிறது. நடிப்பவர்களும் காட்சி அமைப்பவர்களும் உடை தைப்பவர்களும் வாசலில் சீட்டுக் கிழிப்பவர்களும் தொண்டர்கள். பகலில் அவர்களுக்கு வேறு வேலை. ஆயினும் வரப்போகும் பருவத்தில் என்னென்ன நாடகங்கள், எந்தெந்த வார இறுதிகளில் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பருவம் முழுவதற்குமான சீட்டை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த வசந்தம் வரை அந்த மேடையில் விளக்கு எரிகிறது.

தமிழர் செறிந்து வாழும் பகுதிக்கு நடுவே இது நடக்கிறது. கனடாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொல்வோர் ஒரு லட்சத்துக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் இருக்கிறார்கள். நம்மிடம் நாடகம் இல்லாமல் இல்லை. 1990களின் நடுவில் தோன்றிய மனவெளி கலையாற்றுக் குழு, ‘அரங்காடல்’ என்ற பெயரில் இந்த நகரத்துக்குத் தீவிர நாடகத்தைப் பழக்கியது. பா.அ. ஜயகரன், செழியன் போன்றோர் இங்கேயே இருந்து, இங்குள்ள வாழ்வை வைத்து நாடகம் எழுதினார்கள். அந்த உழைப்பை மதித்தே பேசுகிறேன். ஆனால் அந்த உழைப்பு எந்த வடிவத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஒத்திகை. வேலை முடிந்து களைத்து வந்தவர்கள் யாரோ ஒருவருடைய வீட்டு நிலவறையில் கூடி வசனம் பாடமாக்குகிறார்கள். பிறகு ஒரே நாள்: ஒரு வாடகை மண்டபம், சில நாடகங்கள் சேர்ந்த ஒரு நிகழ்வு, ஒரு தடவை அல்லது இரண்டு தடவை மேடையேற்றம். மறுநாள் காட்சிப் பலகைகள் குப்பைக்குப் போகின்றன. எழுத்துரு இழுப்பறைக்குப் போகிறது. ரொறன்ரோத் தமிழ் நாடகத்துக்கு இப்போது தேவைப்படுவது ஒரு பருவம் என்பதுதான் இன்று நான் முன்வைக்கும் வாதம். இன்னொரு விழாவால் இந்தக் குறை தீராது. நாலைந்து நாடகங்களைத் தெரிந்தெடுத்து, முன்கூட்டியே அறிவித்து, ஒவ்வொன்றையும் பல வார இறுதிகளில் திரும்பத் திரும்ப ஆட வேண்டும்.

திரும்ப ஆடுவதில் என்ன இருக்கிறது? நடிப்புக் கலையின் பாதி அதில்தான் இருக்கிறது. ஒத்திகையில் நடிகர் கற்றுக்கொள்வது நெறியாளரிடமிருந்து. மேடையில் கற்றுக்கொள்வது பார்வையாளரிடமிருந்து. முதல் இரவு சிரிப்பு எதிர்பாராத இடத்தில் வருகிறது. நீண்டுவிட்ட மௌனம் ஒன்றில் அவை நெளிகிறது. இரண்டாவது இரவு நடிகர் அதற்கேற்ப மூச்சை மாற்றுகிறார். நாலாவது இரவு அந்தப் பாத்திரம் அவர் உடம்பில் ஊறிவிடுகிறது. ஒரே இரவில் முடிந்துபோகும் நாடகத்தின் நடிகர், கற்கத் தொடங்கும் கணத்திலேயே ஒப்பனையைக் கலைக்கிறார். யாழ்ப்பாணத்து நடிகமணி வி.வி. வைரமுத்துவின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ பற்றி அறியாத ஈழத்துக் குடும்பம் குறைவு. காங்கேசன்துறையிலிருந்து அவருடைய வசந்த கான சபா ஊர் ஊராகப் போய் அதை ஆயிரக்கணக்கான தடவை ஆடியது. அந்தச் சுடலைக் காட்சியில் சனம் அழுததற்கு அவருடைய குரல் ஒரு காரணம் என்றால், அதே காட்சியில் ஆயிரம் இரவுகள் அவர் நின்றது இன்னொரு காரணம். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணத்தில் மேடையேறியது. அது ஒரு மண்டபத்தோடு நின்றிருந்தால் இன்று நாடக வரலாற்றில் ஒரு வரியாக இருந்திருக்கும். கிராமம் கிராமமாகப் போனதால்தான் ஒரு தலைமுறையின் நினைவாயிற்று.

பார்வையாளர் பக்கமும் இப்படித்தான். ஒரு நாடகம் நன்றாயிருக்கிறது என்ற செய்தி பரவ நாள் எடுக்கும். வெள்ளி இரவு பார்த்தவர் சனிக்கிழமை கடையில் கண்ட நண்பரிடம் சொல்வார். அவர் அடுத்த வாரம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போவார். ஒரே நாள் நாடகத்துக்கு இந்த வாய்வழிச் செய்தியால் ஒரு பயனும் இல்லை. சொன்னால் கேட்பவருக்குப் பெருமூச்சுத்தான் மிஞ்சும். அதனால் முன்கூட்டியே தெரிந்தவர்கள் மட்டும் வருகிறார்கள். நடிகரின் உறவினர், குழுவின் நண்பர்கள், எழுத்தாளர் வட்டம். விமர்சனமும் அதற்குள்ளேயே சுருங்கிவிடுகிறது. நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கையில் எழுதப்படும் விமர்சனம் நடிகருக்கும் உதவும், வாசகருக்கும் உதவும். முடிந்தபின் எழுதப்படுவது ஒன்று நன்றியறிதலாக இருக்கிறது, இல்லையேல் மனத்தாங்கலாக இருக்கிறது. நம் நாடக விமர்சனம் ஏன் வளரவில்லை என்று கேட்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பருவம் என்பது இந்த நாட்டு ஆங்கிலேயர் பழக்கம், நம் மரபு திருவிழாவோடு சேர்ந்தது என்று ஒரு மறுப்பு உண்டு. மட்டக்களப்புக் கூத்து மரபை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே அரங்கேற்றம் என்பது நீண்டதொரு வரிசையின் ஒரு கட்டம். முதலில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுப்பார். அதாவது யார் எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்துப் பாட்டும் வசனமும் எழுதிக் கையில் கொடுப்பார். பிறகு ஆடுகளமான களரியில் பயிற்சி. கிழமைக் கூத்து என்று பயிற்சியையே ஊர் வந்து பார்க்கும். சதங்கை அணியும் நாள் தனியொரு கொண்டாட்டம். பிறகு முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். அதோடும் முடியாது, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். மாதக்கணக்கில் ஒரு கூத்து அந்த ஊரின் பேச்சாகவே இருக்கும். சிறுவர்கள் வயல் வரம்பில் ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். பருவச் சீட்டு என்ற காகிதம் ஒன்றுதான் அந்த ஊரில் இல்லை. நாம் மண்டப வாடகை என்ற நெருக்கடியினால் அந்த முழு வரிசையையும் வெட்டிவிட்டு அரங்கேற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். பிறகு அதையே மரபு என்று நம்பத் தொடங்கிவிட்டோம்.

நகரத்துப் படித்தவர்களின் பயில்முறை நாடகமும் நமக்குப் புதிதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் கூடி ஆடிய சபை. முதலியாரே வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. தொழில்முறைக் குழுக்களைத் தவிர வேறெவரும் நாடகம் ஆடுவது கௌரவக் குறைவு என்று கருதப்பட்ட காலத்தில் அவர் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தந்தார். அந்தச் சபை கொழும்புக்கு வந்து ஆடியதன் தூண்டுதல் இலங்கையிலும் சபாக்களை உண்டாக்கிற்று. ஈழத்து நாடகக்காரரான கலையரசு க. சொர்ணலிங்கம் முதலியாரைக் குருவாகவே கொண்டவர். பகலில் நீதிமன்றமும் அலுவலகமும், மாலையில் ஒத்திகை என்ற வாழ்க்கை ஸ்காபரோவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றல்ல. அதை நமக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.

சரி, பருவத்தில் எதை ஆடுவது? வெறுமனே நாலு நாடகங்களை வரிசையில் வைப்பது தெரிவாகாது. ஒன்று மற்றொன்றோடு பேச வேண்டும். ஒன்று எழுப்பிய கேள்வியை அடுத்தது வேறு பக்கமிருந்து கேட்க வேண்டும். தனி நாடகத்தால் முடியாததைப் பருவம் சாதிப்பது இந்த இடத்தில்தான். சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் மறைந்தார். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி ஒரு முழுத் தலைமுறைக்கு அரங்கைக் கற்றுக்கொடுத்த அந்த மனிதருடைய ‘எந்தையும் தாயும்’ நாடகம், பிள்ளைகள் வெளிநாடு போய்விட ஊரில் தனித்துக் கிடக்கும் முதியவர்களைப் பற்றியது. அதைப் பார்க்க வேண்டிய அவை எது? யாழ்ப்பாணத்து அவை அதில் தன்னைப் பார்த்தது. இங்குள்ள அவை, தான் விட்டுவந்ததை அதில் பார்க்கும். அந்த நாடகத்தில் மேடைக்கு வராத பிள்ளைகள் இங்கே கதிரைகளில் இருப்பார்கள். அதற்கு அடுத்ததாக, சுவேந்திரினி லீனாவின் ‘தி என்சான்டட் லூம்’ நாடகத்தை வையுங்கள். 2016இல் கஹூட்ஸ் தியேட்டர் ரொறன்ரோவின் ஃபாக்டரி தியேட்டரில் மேடையேற்றிய நாடகம் அது. ஆசிரியர் நரம்பியல் மருத்துவர். போரின் வதையை மூளையில் சுமக்கும் தந்தை ஒருவரோடு இந்த நகரத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆங்கிலத்தில் ஆடப்பட்டது. துஷி ஞானப்பிரகாசத்தின் தமிழாக்கமும் அச்சில் இருக்கிறது. ஊரில் விடப்பட்ட பெற்றோரின் கதைக்கும் இங்கே வந்துசேர்ந்த தந்தையின் கதைக்கும் நடுவே சில வாரங்கள். இரண்டையும் பார்க்கும் குடும்பம் வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் என்ன பேசும் என்று எண்ணிப் பாருங்கள்! மூன்றாவது, இங்கே இப்போது எழுதப்படும் ஒரு புதிய நாடகம். அதற்கு எந்த நிபந்தனையும் வைக்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் ஒன்று வேண்டும். சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’ கையிலேயே இருக்கிறது. இவற்றோடு ஓர் இசை நாடகம்.

இசை நாடகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தீவிர நாடகக்காரர் பலர் அதைப் பழைய பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த பாட்டு நாடகம் பல பத்தாண்டுகள் தமிழகத்தையும் ஈழத்தையும் கட்டிப் போட்டது. திரைப்படம் வந்ததும் பாட்டு அங்கே போய்விட்டது. மேடைக்கு வசனம் மிஞ்சியது. மிஞ்சியதையே உயர்ந்தது என்று நாம் கொள்கை செய்துகொண்டோம். இந்த நகரத்திலோ நிலைமை விசித்திரமானது. பாட்டும் மிருதங்கமும் பரதமும் பழகும் பிள்ளைகள் இங்கே ஏராளம். வாரந்தோறும் வகுப்பு, ஆண்டுக்கொரு பரீட்சை, முடிவில் ஓர் அரங்கேற்றம். அதற்குப் பிறகு? பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளையின் சலங்கை அலமாரிக்குள் போகிறது. பத்தாண்டு பயின்ற குரலுக்கு ஒரு பாத்திரத்தின் கோபத்தைப் பாடவோ, ஒரு தாயின் பறிகொடுப்பைப் பாடவோ ஒரு வாய்ப்பும் இல்லை. ஆண்டுக்கு ஓர் இசை நாடகம் என்று பருவத்தில் நிலையாக ஓர் இடம் ஒதுக்கினால், இந்தப் பயிற்சி முழுவதும் போய்ச் சேர ஒரு மேடை கிடைக்கும். ஸ்காபரோ மியூசிக் தியேட்டர் தன் அயலில் பாடத் தெரிந்தவர்களுக்குச் செய்வது இதைத்தான்.

இங்கே ஒரு கனமான மறுப்பு எழுகிறது, அதை விலக்கிப் போக முடியாது. அரிச்சந்திரன் கதையும் பழைய கூத்துக் கதைகளும் சாதியையும் பெண்ணின் அடிமைநிலையையும் அறமாகப் பாடுகின்றனவே. மனைவி சந்திரமதியை அரிச்சந்திரன் விற்பதையும், சுடலை காக்கும் வேலையை அரசனுக்கு நேர்ந்த இழிவாகக் காட்டுவதையும் இன்று பிள்ளைகளைக் கொண்டு பாடுவிப்பதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கூத்தைக் காலங்காலமாகக் காத்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும் அந்தக் கேள்வியோடு சேர்த்து வைக்க வேண்டும். கதை அவர்களை இழித்தது, ஆட்டம் அவர்களுடையது. இந்த முரணைத் தீர்க்கும் வழியையும் ஈழத்து அரங்கே காட்டியிருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்று கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்தை இரண்டு மணி நேர அளவுக்குச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, கூத்து செத்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சாகவில்லை. ‘இராவணேசனில்’ இராவணனாக ஆடிய சி. மௌனகுரு 1969இல் அதே ஆட்டத்தையும் தாளத்தையும் எடுத்துச் சாதியும் வர்க்கமும் என்ற பொருளில் ‘சங்காரம்’ செய்தார். மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டத்தை வைத்து என்.கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’யை அ. தாசீசியஸ் கூத்து வடிவில் நெறிப்படுத்தினார். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் குரலைக் கூத்தின் மெட்டு தாங்கி நின்றது. ஆகவே வடிவத்தை வைத்துக்கொண்டு கதையோடு சண்டை பிடிக்கலாம். பருவத்தில் ‘மயான காண்டம்’ ஒரு மாதம் ஆடப்பட்டால், அடுத்த மாதம் ‘சங்காரம்’ ஆடப்படட்டும். ஒரே மாலைக்குள் இந்த விவாதம் நிகழ முடியாது. ஒரு பருவத்துக்குள் முடியும்.

அடுத்த மறுப்பு மொழி பற்றியது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மேடைத் தமிழ் விளங்காது, இன்னும் இருபது ஆண்டுகளில் பார்க்க ஆளிருக்காது என்கிறார்கள். அந்தப் பயத்தைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. மொழி நழுவுவதை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் இதே பயத்தோடு வாழும் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ரொறன்ரோவின் பிரெஞ்சு நாடகக் குழு 1967இல் தொடங்கியது. ஆங்கிலக் கடலுக்கு நடுவே பிரெஞ்சில் முழுப் பருவம் ஆடுகிறது. மேடைக்கு மேலே ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகள் ஓடும் காட்சிகளையும் வைத்திருக்கிறது. மொன்றியலில் டோரா வாசர்மன் என்ற பெண்மணி 1958இல் யூதர்களின் யிடிஷ் மொழியில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். அதுவும் பயில்முறை நடிகர் குழுவே. தாத்தாவும் பேத்தியும் ஒரே நாடகத்தில் நடிக்கும் அந்தக் குழு, கியூபெக்கின் மிஷெல் திரெம்பிளே எழுதிய ‘லே பெல் சேர்’ நாடகத்தை 1992இல் யிடிஷில் ஆடியது. அயலாரின் கதையைத் தன் மொழிக்குள் அழைத்த அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். நியூயோர்க்கின் ஃபோக்ஸ்பீன யிடிஷ் குழு 1915இல் தொடங்கியது. 2018இல் அது ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ இசை நாடகத்தை யிடிஷில் மேடையேற்றியது. நடிகர்களில் பலருக்கு அந்த மொழி தெரியாது. இந்த நாடகத்துக்காகவே அசை அசையாகக் கற்றார்கள். மேடையின் பக்கங்களில் ஆங்கிலத்திலும் ரஷ்யனிலும் வரிகள் ஓடின. சில வாரங்களுக்கென்று தொடங்கிய நாடகம் நீட்டிக்கப்பட்டு, வேறு அரங்குக்கு மாறி, 2020 தொடக்கம் வரை ஓடியது. யிடிஷைப் பேசுவோரின் தொகை அந்த நகரத்தில் எவ்வளவு சுருங்கியிருந்தது என்பதை எண்ணினால், நம் பயத்துக்கு அடிப்படை குறைவு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: மொழி தெரிந்த பிறகு நாடகம் என்று காத்திருக்கத் தேவையில்லை. நாடகத்தின் வழியாகவே மொழி உடம்புக்குள் வரும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ‘ழ’ வராத பிள்ளை, அந்த ‘ழ’ வராவிட்டால் தன் பாத்திரம் கேலிக்காகும் என்று தெரிந்தால் கற்றுக்கொள்ளும். இலங்கைத் தமிழ்ச் சிறுவனின் கதையான ‘ஃபனி போய்’ படத்தைத் தீபா மேத்தா 2020இல் எடுத்தபோது, முக்கிய பாத்திரங்களில் தமிழ் நடிகர்கள் போதாது, பேசிய தமிழும் தமிழாக இல்லை என்று நம் சமூகம் குரல் எழுப்பியது. எழுப்பியது சரி. ஆனால் ஈழத்துப் பேச்சுத் தமிழில் இயல்பாக நடிக்கப் பயின்ற இளைஞர் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நாம் காட்டக்கூடிய ஒரு நிலையான பயிற்சிக் களம் இந்த நகரத்தில் இருந்திருந்தால் அந்தக் குரலுக்கு இன்னும் வலு இருந்திருக்கும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இலேயே ‘நானாடகம்’ என்று யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை நாடக மொழியாக்கி அச்சிட்டுத் தந்தவர். அந்தப் பேச்சு இன்று ஊரிலேயே மாறிவிட்டது. அதைக் காதால் கேட்க ஒரு பேரப்பிள்ளைக்கு இங்கே மேடையை விட நல்ல இடம் எது?

நேரமும் பணமும் எங்கே என்பார்கள். நேரத்தைப் பற்றிய மறுப்பில் உண்மை உண்டு. இரவு வேலை செய்பவர், இரண்டு வேலை செய்பவர், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடி வருபவர் எல்லோரையும் கொண்டு ஆறு இரவு நாடகம் போடுவது எளிதில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். நாலு மாத ஒத்திகை ஏற்கெனவே நடக்கிறது. ஓரிரவுக்குப் பதில் ஆறு இரவு ஆடுவதால் கூடுவது ஐந்து மாலைகள். கூடும் உழைப்பு சிறிது. பயனோ ஆறு மடங்காகும். ஒரு பாத்திரத்துக்கு இரண்டு நடிகரைப் பழக்கினால் அந்தச் சுமையும் பாதியாகும். இருநூறு பேர் கொள்ளும் அரங்கில் ஆறு தடவை ஆடினால் 1,200 கதிரைகள்; நம் தொகையில் நூறு பேருக்கு ஒருவர் வந்தாலே பெரும்பாலும் நிரம்பிவிடும். பணத்தைப் பொறுத்தவரை, இந்தச் சமூகத்திடம் கலைக்குச் செலவிடப் பணம் இல்லை என்று நான் ஏற்க மாட்டேன். ஒரு பிள்ளையின் நடன அரங்கேற்றத்துக்கு மார்க்கம் தியேட்டர் போன்ற மண்டபத்தை ஓரிரவுக்கு எடுத்து, ஊரிலிருந்து பக்கவாத்தியக்காரரை வரவழைத்து, உடை தைப்பித்து, விருந்து வைக்கும் குடும்பங்கள் பல. அது அவர்கள் உரிமை, பிள்ளையின் மகிழ்ச்சி. அதில் ஒரு சிறு பங்கு பருவச் சீட்டாகவோ, ஒரு நாடகத்தின் பொறுப்பாகவோ வந்தாலே போதும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆங்கில இசை நாடகம் ஆடும் பயில்முறைக் குழு, உரிமைத் தொகை கட்டாமல் அதை ஆட முடியாது. நம்மிடையே எழுத்தாளருக்கு மேடையேற்றத்துக்கென்று பணம் கொடுக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. பருவம் ஒன்று வருமானால் அதன் வரவுசெலவில் எழுதியவரின் பங்கு முதல் வரியாக இருக்க வேண்டும். எஞ்சினால் தருவோம் என்ற இரக்கமாக இருக்கக்கூடாது.

எல்லா மறுப்புகளிலும் எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது வேறு. ஓராண்டுக்கு முன்பே நாடகங்களை அறிவித்துவிட்டால், நாளை நடக்கப்போகும் அநியாயத்துக்கு நாடகம் எப்படிப் பதில் சொல்லும்? ஈழத்து அரங்கின் உயிரே உடனடித்தன்மைதானே? 1980களின் நடுவில் தெருவிலும் கோயில் வீதியிலும் பள்ளிக்கூட முற்றத்திலும் அது நின்றது. நாளேட்டுக்கு முன்னே சனத்திடம் போனது. பருவச் சீட்டு வாங்கும் பார்வையாளர் வசதியை விரும்புவார், கசப்பான நாடகம் மெல்ல மெல்லப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்ற எச்சரிக்கையில் நியாயமிருக்கிறது. சென்னைச் சபா நாடகங்கள் பார்வையாளரின் கைதட்டலையே அளவுகோலாக்கிக்கொண்டு துணுக்குத் தோரணமாகச் சுருங்கிய வரலாறு கண்முன்னே இருக்கிறது. இதற்கு என்னிடம் முழுமையான மருந்து இல்லை. இரண்டு காவல்கள் உண்டு. பருவத்தில் ஓர் இடத்தைப் பெயரிடாமலே விட்டுவைக்க வேண்டும். அந்த நேரத்தில் எழுதப்படுவது அங்கே போகும், பார்வையாளர் நம்பி வர வேண்டும். மற்றது, நாடகங்களைத் தெரிவுசெய்யும் குழுவை நிதி சேர்க்கும் குழுவிலிருந்து பிரித்து வைப்பது. க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் 1978இல் இலங்கையில் தொடங்கி, பின்னர் லண்டனிலிருந்து நடந்துவருவதைப் பாருங்கள். ‘கண்ணாடி வார்ப்புகள்’, ‘ஒரு பாலை வீடு’, ‘யுகதர்மம்’, ‘முகமில்லாத மனிதர்கள்’ என்று வசதியானவை எனச் சொல்ல முடியாத நாடகங்களையே அது தன் கையிருப்பாக வைத்துக்கொண்டு, நாடுவிட்டு நாடு போயும் ஆடியது. திரும்ப ஆடியதால் அந்த நாடகங்களின் கூர் மழுங்கவில்லை. இன்னும் பலரிடம் போய்ச் சேர்ந்தது.

கடைசியாக இடத்தின் பிரச்சினை. ஸ்காபரோவின் மூன்று குழுக்களால் பருவம் நடத்த முடிவதற்கு முதற்காரணம் திறமையோ பணமோ என்று நான் கருதவில்லை. அவர்களுக்கு ஒரு நிலையான மேடை இருக்கிறது. காட்சிப் பலகைகளை அடுத்த வாரம் வரை அங்கேயே விட்டுப் போகலாம். வடகிழக்கு ஸ்காபரோவில், ஸ்டெயின்ஸ் வீதியில், தமிழ்ச் சமூக மையம் அமைக்கும் முயற்சி நடக்கிறது. 2021இல் மத்திய அரசும் ஒன்ராறியோ அரசும் சேர்ந்து அதற்கு இரண்டு கோடி அறுபது லட்சம் டொலருக்கு மேல் ஒதுக்குவதாக அறிவித்தன. அங்கே ஒரு மண்டபம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிப்பட்ட மண்டபம் என்பதில்தான் நாடகக்காரர் வாய் திறக்க வேண்டும். ஆயிரம் கதிரை, பளிங்குத் தரை, திருமண விருந்துக்கும் ஏற்ற பெரிய கூடம் என்று ஒன்று கட்டப்பட்டால், அது ஓரிரவு விழாக்களுக்கான மண்டபமாகவே இருக்கும். சிறிய நாடகம் எந்த நாளும் அதன் வாடகையைக் கட்ட முடியாது. இருநூறு, இருநூற்றைம்பது பேர் நெருங்கியிருந்து பார்க்கும் ஒரு சின்ன அரங்கைத் தனியாகக் கேட்க வேண்டும். கதிரைகளை அகற்றினால் வட்டக்களரியாக மாறக்கூடிய மரத்தரை வேண்டும். சதங்கை கட்டிய கால் சீமெந்தில் ஆட முடியாது. காட்சிப் பலகைகளை வைக்க ஓர் அறை, தச்சு வேலைக்கு ஓர் இடம், உடைகளைத் தொங்கவிட ஒரு நீண்ட அலமாரி, மொழிபெயர்ப்பு வரிகளை ஓட்டுவதற்கு மேடைக்கு மேல் ஒரு திரை. தொடர்ந்து மூன்று வார இறுதிகள் ஒரே குழுவுக்கு, தொண்டர் குழு தாங்கக்கூடிய வாடகையில் ஒதுக்கப்படும் என்று ஒரு விதி எழுத்தில் வேண்டும். இவற்றைக் கட்டடக் கலைஞர் தாமாக எண்ண மாட்டார். பத்து நாடகக் குழுக்கள் தங்கள் பழைய மனத்தாங்கல்களை ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, வரைபடம் முடிவாகும் முன்பே அந்த மையத்தின் பொறுப்பாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை யார் எழுதுவது என்பதை இந்த அவை கலையுமுன் தீர்மானித்துவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.